லாரன்ஸ் டெய்லர்: சாக் பட்டியலில் முதலிடம் இல்லாதவர் ஏன் முதலாமவராகப் பேசப்படுகிறார்?

அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பாட்டக்காரர்களை வரிசைப்படுத்தும்போது நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லரையே பெரும்பாலானோர் முதலில் வைக்கிறார்கள். ஆனால் பந்தை வீசுபவரை வீழ்த்தும் ‘சாக்’ எண்ணிக்கையின் அதிகாரப்பூர்வமான பட்டியலில் அவர் முதல் பத்து இடங்களுக்குள்கூட இல்லை, இது பழைய காலத்தின் மீதுள்ள பிரியம்தானா என்பது கேள்வி. பிரியமும் ஓரளவு கலந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும் டெய்லரின் மதிப்பை அவர் சேர்த்த எண்ணிக்கையை விட, அவரைச் சமாளிக்க எதிரணிகள் தங்கள் ஆட்டத்தில் செய்துகொண்ட மாற்றங்களே சரியாகக் காட்டுகின்றன என்பது என் கருத்து. அதை விளக்க அவருடைய பதின்மூன்று பருவங்களையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். தடுக்கும் அணியில் முன்வரிசையில் குனிந்து நிற்கும் கனமான ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் லைன்பேக்கர்கள். பந்தைச் சுமந்து ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதும், பந்து வீசப்பட்டால் அதைப் பிடிக்க ஓடுபவர்களை மறிப்பதும், சமயம் வாய்க்கும்போது முன்வரிசையைக் கடந்து பாய்ந்து, பந்தை வீசவிருக்கும் குவார்ட்டர்பேக்கையே சாய்ப்பதும் இவர்களுடைய வேலைகள். வீசுவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை, ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்துவதைத்தான் சாக் என்கிறார்கள். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை சாக் எழுதப்படும். ஜயன்ட்ஸ் அணி ஆடிய முறையில் முன்வரிசையில் மூவரும் அவர்களுக்குப் பின்னால் நான்கு லைன்பேக்கர்களும் நின்றார்கள். டெய்லர் பெரும்பாலும் வலப்பக்க ஓரத்தில், அதாவது வலக்கையால் வீசும் குவார்ட்டர்பேக்கின் பார்வைக்கு எட்டாத பக்கத்தில் நின்றார்.

அவர் 1959 பிப்ரவரி 4 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்பர்கில் பிறந்தார். தந்தை நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். சிறுவயதில் டெய்லர் பேஸ்பாலில் விக்கெட் கீப்பரைப் போன்ற கேட்சர் இடத்தில் ஆடியவர். உயர்நிலைப் பள்ளியின் பிற்பகுதியில்தான் முறையான கால்பந்துக்கு வந்தார். அதனால் பெரிய கல்லூரிகள் அவரைத் தேடி வரிசையில் நிற்கவில்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் முன்வரிசை ஆட்டக்காரராகத் தொடங்கி லைன்பேக்கராக மாறிய பிறகே அவருடைய வேகம் வெளிப்பட்டது. 1980 இல், கல்லூரி இறுதிப் பருவத்தில், 16 சாக்குகளுடன் அட்லாண்டிக் கடலோர மாநாடு என்ற கல்லூரி அணிகளின் குழுவில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார்.

1981 இல் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்குக் கிடைத்தது. அவர்கள் ஜார்ஜ் ரோஜர்ஸ் என்ற ஓட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைப் பெரும் முட்டாள்தனம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ரோஜர்ஸ் தம் முதல் பருவத்திலேயே 1,674 கெஜம் ஓடி, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகில் முதலிடம் பிடித்தவர் என்பதையும், ஆட்டத்தின் போக்கையே ஒரு லைன்பேக்கர் மாற்றுவார் என்று அப்போது எவரும் கணக்குப் போடவில்லை என்பதையும் நினைவில் கொள்வது நியாயம். இரண்டாவது வாய்ப்பில் ஜயன்ட்ஸ் பொது மேலாளர் ஜார்ஜ் யங் டெய்லரை எடுத்துக்கொண்டார்.

ஜயன்ட்ஸ் அப்போது நொந்துபோயிருந்த அணி. 1963 க்குப் பிறகு, பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃப் சுற்றை எட்டியதே இல்லை. 1978 நவம்பரில் ஃபிலடெல்பியா ஈகிள்ஸுக்கு எதிராக, பந்தை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டினாலே வெற்றி என்ற நிலையில், பந்து கைநழுவி அதை எதிரணியின் ஹெர்ம் எட்வர்ட்ஸ் எடுத்துக்கொண்டு ஓடித் தோற்கடித்தது ரசிகர்கள் மறக்க விரும்பிய ஒன்று. 1980 இல் 4 வெற்றி, 12 தோல்வி. அந்தப் பருவத்தில் எதிரணிகளுக்கு 425 புள்ளிகள் விட்டுக்கொடுத்த அணி, டெய்லர் வந்த 1981 இல் 257 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. அதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்லக் கூடாது; ஹாரி கார்சன், பிராட் வான் பெல்ட், பிரையன் கெல்லி என்ற மூன்று தேர்ந்த லைன்பேக்கர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், தடுப்பாட்டப் பொறுப்பைப் பில் பார்செல்ஸ் அந்த ஆண்டுதான் ஏற்றிருந்தார், லைன்பேக்கர்களோடு வேலை செய்த இளம் பயிற்சியாளர்களில் ஒருவர் பில் பெலிச்செக். ஆனால் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருதும், லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் ஒரே ஆளுக்குக் கிடைத்தன. முதல் பருவத்திலேயே இரண்டையும் வென்ற வேறொருவர் இன்றுவரை இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அதுவரை, ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் லைன்பேக்கரைத் தடுக்கும் வேலை பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் அருகில் நிற்கும் ஓட்டக்காரரிடம் விடப்பட்டிருந்தது. லைன்பேக்கர்கள் எப்போதாவதுதான் பாய்வார்கள் என்பதால் அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. டெய்லரோ ஏறத்தாழ 1.9 மீட்டர் உயரமும் 107 கிலோ எடையும் கொண்டவர். ஓட்டக்காரரின் வேகத்தோடும் முன்வரிசைக்காரரின் பலத்தோடும் வந்தார், அதுவும் ஆட்டத்துக்கு ஆட்டம், வீச்சுக்கு வீச்சு வந்தார். பதினைந்து கிலோ குறைவான ஓட்டக்காரர் ஒருவரை அவர் எதிரே நிறுத்துவது, குவார்ட்டர்பேக்கைத் தாமே ஒப்படைப்பதற்குச் சமமாக இருந்தது.

இதற்கு முதல் தெளிவான பதிலைக் கண்டவர் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers பயிற்சியாளர் பில் வால்ஷ். 1982 ஜனவரி 3 அன்று நடந்த பிளே ஆஃப் ஆட்டத்தில், முன்வரிசையின் உட்பக்கத்தில் கார்டு இடத்தில் நிற்கும் ஜான் அயர்ஸைப் பின்னே இழுத்து, டெய்லர் வரும் வழியில் நிறுத்தினார். அயர்ஸ் கனமானவர், கால்கள் நிலையானவை, பதற்றப்படாதவர். 49ers 38–24 என வென்று, அந்தப் பருவத்தின் பட்ட இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் வென்றார்கள். ஆனால் கார்டை இப்படி வெளியே எடுத்தால் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. அதை ஒரு முறை அறிந்துகொண்ட எதிரணி அடுத்த முறை அந்த இடைவெளிக்குள் ஆளை அனுப்பிவிடும். வால்ஷின் உத்தி ஒரு நாளைக்குப் போதுமான மருந்துதான்.

நிலையான மாற்றம் வாஷிங்டனிலிருந்து வந்தது. ஜயன்ட்ஸும் வாஷிங்டனும் ஒரே பிரிவில் இருந்ததால் ஆண்டுக்கு இரு முறை மோத வேண்டியிருந்தது. அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் பொறுப்பேற்றதும் அதே 1981 இல்தான். அவர் பின்னால் நிற்கும் இரண்டு ஓட்டக்காரர்களில் ஒருவரைக் குறைத்து, அவருக்குப் பதிலாக இன்னொரு டைட் எண்டை, அதாவது முன்வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவரை, ஆட்டத்தில் சேர்த்தார். அந்த இரண்டாவது டைட் எண்ட் வரிசையில் ஒட்டி நிற்காமல் சற்றே பின்தள்ளி நின்று, பந்து நகர்வதற்கு முன்பே டெய்லர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கம் நகர்ந்துகொள்வார். பின்னாளில் ஹெச்-பேக் என்று பெயர் பெற்ற அந்த இடம் உருவானதில் டெய்லருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைக் கிப்ஸே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பயிற்சியாளர் எதிரணியின் ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரை முன்னிட்டுத் தம் தாக்குதல் அமைப்பின் அடிப்படையை மாற்றுவது அபூர்வம். அப்படி மாற்றியவர் அந்த அமைப்பைக் கொண்டே மூன்று சூப்பர் பவுல்களை வென்றார் என்பது இந்தக் கதையின் வேடிக்கையான பகுதி.

மூன்றாவது விளைவு பணத்தில் தெரிந்தது. குவார்ட்டர்பேக்கின் பார்வை படாத பக்கத்தைக் காக்கும் இடப்பக்க டாக்கிள், முன்வரிசையில் பெயர் தெரியாத ஐவரில் ஒருவராக இருந்தவர், மெல்ல மெல்ல அணியின் விலை உயர்ந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானார். 1993 இல் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் தாராளமாக அணி மாறலாம் என்ற விதி வந்தபோது அவர்களுடைய சம்பளம் சட்டென்று மேலேறியது. இங்கே ஒரு திருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் டெய்லரே தொடங்கிவைத்தார் என்று சொல்வது மிகை. சின்சினாட்டியின் ஆன்டனி முனோஸ் போன்ற மாபெரும் இடப்பக்க டாக்கிள் டெய்லருக்கு ஓராண்டு முன்பே லீகுக்கு வந்துவிட்டார். ஓரத்திலிருந்து பாயும் லைன்பேக்கருக்கு 1975 இல் ஹூஸ்டன் ஆயிலர்ஸில் சேர்ந்த ராபர்ட் பிரேசில் முன்னோடி. அவருக்கு மாபெரும் ஆட்டக்காரர்களுக்கான புகழ் மண்டபத்தில் இடம் கிடைக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீச்சு ஆட்டத்துக்குச் சாதகமாக 1978 இல் விதிகள் மாற்றப்பட்டதால் குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் தேவையும் தானாகவே கூடியிருந்தது. டெய்லர் அந்த வெள்ளம் பெருகிய நேரத்தில் வந்தவர். ஆனால் எதிரணிகள் கரையை உயர்த்தியது அவருடைய பெயரைச் சொல்லித்தான்.

1982 பருவம் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் 9 ஆட்டங்களாகச் சுருங்கியது. சாக் அதிகாரப்பூர்வமாக எண்ணப்பட்டதும் அந்த ஆண்டிலிருந்துதான். டெய்லரின் முதல் பருவத்து 9.5 சாக்குகள் இதனாலேயே கணக்கில் வரவில்லை. அந்த 1982 பருவத்தில் நன்றியறிதல் நாளன்று டெட்ராய்ட் லயன்ஸுடன் நடந்த ஆட்டம் அவருடைய ஆற்றலின் இன்னொரு முகத்தைக் காட்டியது. முழங்கால் வலியால் அவர் அன்று முழுமையாக ஆடவில்லை. கடைசிக் கால் பகுதியில் 6–6 என்று சமநிலை; லயன்ஸ் ஜயன்ட்ஸின் கோட்டை நெருங்கியிருந்தார்கள். குவார்ட்டர்பேக் கேரி டேனியல்சன் ஓரமாக வீசிய பந்தை டெய்லர் முன்னே பாய்ந்து இடைமறித்து, 97 கெஜம் தனியே ஓடி, எதிர்முனைக் கோட்டைக் கடந்து டச் டவுன் அடித்தார். ஜயன்ட்ஸ் 13–6 என வென்றது. அவரைப் பாய்ந்து வீழ்த்துபவராக மட்டுமே நினைப்பவர்கள் இந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்; அவரை எட்டிப் பிடிக்க அன்று களத்தில் எவராலும் முடியவில்லை. அந்த ஆண்டும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கே.

1983 ஒரு மோசமான ஆண்டு. பார்செல்ஸ் தலைமைப் பயிற்சியாளரானார். அணி 3 ஆட்டங்களில் மட்டும் வென்றது. சம்பளப் பேச்சு இழுபறியானதால் டெய்லர் பயிற்சி முகாமுக்குத் தாமதமாக வந்தார். போட்டி லீகான யுஎஸ்எஃப்எல்லில் நியூ ஜெர்சி ஜெனரல்ஸ் அணியை வாங்கியிருந்த டொனால்ட் டிரம்ப், டெய்லருக்குப் பத்து லட்சம் டாலர் வட்டியில்லாக் கடன் கொடுத்து, பிற்காலத்தில் தம் அணிக்கு ஆடுவதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். ஜயன்ட்ஸ் பணம் கொடுத்து அந்த ஒப்பந்தத்திலிருந்து அவரை மீட்டு, பெரும் தொகைக்குப் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டது. ஓர் ஆட்டக்காரரின் பேரத் திறனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அந்தக் காலத்தில் இல்லை.

1985 நவம்பர் 18 அன்று, வாஷிங்டனில், திங்கள் இரவு நேரலை ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனை டெய்லர் வீழ்த்தியபோது தைஸ்மனின் வலது கீழ்க்காலின் இரு எலும்புகளும் முறிந்தன. டெய்லர் உடனே துள்ளி எழுந்து, எதிரணியின் மருத்துவர்களை நோக்கிக் கைகளை வீசி அழைத்தார். தைஸ்மன் அதன்பின் ஆடவே இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி அந்தக் காட்சியை எத்தனையோ முறை மறுஒளிபரப்பியதால், டெய்லர் என்றாலே இதுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அது விதிக்கு உட்பட்ட வீழ்த்தல். தைஸ்மனும் அவரைக் குறை சொன்னதில்லை.

உச்சம் 1986. அந்தப் பருவத்தில் 20.5 சாக்குகள். மூன்றாம் முறையாகச் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, அதோடு லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும். வழக்கமாகக் குவார்ட்டர்பேக்குகளுக்கும் ஓட்டக்காரர்களுக்கும் போகும் அந்த இரண்டாவது விருதை அவருக்கு முன் வென்ற தடுப்பாட்டக்காரர் 1971 இல் மினசோட்டாவின் ஆலன் பேஜ் ஒருவர் மட்டுமே. டெய்லருக்குப் பின் எவரும் இல்லை. ஜயன்ட்ஸ் 14 வெற்றி, 2 தோல்வி. பிளே ஆஃப் சுற்றில் 49ers அணியை 49–3 என நொறுக்கிய ஆட்டத்தில் ஜோ மொன்டானா வீசிய பந்தைப் பிடித்து 34 கெஜம் ஓடி டச் டவுன் அடித்தார். 1987 ஜனவரி 25 அன்று பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கில் டென்வர் பிராங்கோஸுடன் சூப்பர் பவுல். முதல் பாதியில் டென்வர் ஜயன்ட்ஸ் கோட்டுக்கு ஒரு கெஜம் அருகில் நின்றது. முதல் முயற்சியில் தாமே ஓட முயன்ற குவார்ட்டர்பேக் ஜான் எல்வேயை டெய்லர் பின்னுக்குத் தள்ளி வீழ்த்தினார். அடுத்ததைக் கார்சனும் மூன்றாவதைக் கார்ல் பேங்க்ஸும் முறியடித்தார்கள். கடைசியில் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் எளிய உதையையும் டென்வர் தவறவிட்டது. இறுதிக் கணக்கு 39–20. ஜயன்ட்ஸின் தொடக்க குவார்ட்டர்பேக் ஃபில் சிம்ஸ் வீசிய 25 பந்துகளில் 22 இலக்கை அடைந்ததால் அன்றைய சிறந்த ஆட்டக்காரர் பரிசு அவருக்குப் போனது, அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

இதே ஆண்டுகளில் அவர் கோக்கெய்ன் பழக்கத்தில் ஆழமாக இறங்கியிருந்தார். இதை மறைத்துவிட்டு அவருடைய வாழ்க்கையை எழுதுவது பொய்யாகும்; அவரே பின்னர் விரிவாக ஒப்புக்கொண்டதும்கூட. 1987 இல் பரிசோதனையில் ஒரு முறை சிக்கினார்; 1988 இல் இரண்டாம் முறை சிக்கியபோது 30 நாள் தடை விதிக்கப்பட்டு நான்கு ஆட்டங்களை இழந்தார். எஞ்சிய 12 ஆட்டங்களில் 15.5 சாக்குகள் எடுத்தார் என்பதைப் படிக்கும்போது வியப்பும் வருத்தமும் ஒன்றாகவே எழுகின்றன. 1987 வேலைநிறுத்தத்தின்போது அவர் சக ஆட்டக்காரர்களின் மறியலைக் கடந்து களமிறங்கியதும் பலருக்குப் பிடிக்காத செயலாக இருந்தது.

அந்த 1988 நவம்பர் 27 அன்று நியூ ஆர்லியன்ஸில் செயின்ட்ஸுக்கு எதிராக ஆடியதை அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் என்று சொல்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். மார்புத் தசை கிழிந்து, தோள் இடம் பெயராதிருக்கப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார். ஏறத்தாழ ஒரே கையால் ஆடியும் 3 சாக்குகள் எடுத்தார், 2 முறை எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். இடையிடையே வலி தாளாமல் வெளியே வந்து, சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார். ஜயன்ட்ஸின் தாக்குதல் அன்று மந்தமாக இருந்தும் அணி 13–12 என வென்றது. அப்படி ஆடவிட்டது மருத்துவ நோக்கில் சரியா என்று இன்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

1990 இல் இரண்டாவது பட்டம். லீகின் ஒரு பாதி அணிகளுக்கான மாநாட்டு இறுதி ஆட்டத்தில் 49ers அணியின் ரோஜர் கிரெய்க் கையிலிருந்து கடைசி நிமிடங்களில் பந்து நழுவியபோது அதைக் கைப்பற்றியவர் டெய்லர். அதன்பின் மாட் பார் கம்பங்களுக்கிடையே உதைத்த ஃபீல்ட் கோலால் 15–13 என வெற்றி. டாம்பாவில் நடந்த சூப்பர் பவுலில் பஃபலோ பில்ஸின் ஸ்காட் நார்வுட் உதைத்த 47 கெஜ உதை வலப்புறமாக விலகிச் செல்ல, ஜயன்ட்ஸ் 20–19 எனத் தப்பியது. அந்த இறுதி ஆட்டத்தில் டெய்லரின் பங்கு பெரிதாகத் தெரியவில்லை. பந்தை நீண்ட நேரம் தம்மிடமே வைத்திருந்த தாக்குதலும் பெலிச்செக் வகுத்த தடுப்புத் திட்டமும்தான் வென்றன. அடுத்த ஆண்டு பார்செல்ஸும் பெலிச்செக்கும் அணியில் இல்லை. 1992 நவம்பரில் கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிராக டெய்லரின் குதிகால் தசைநார் அறுந்தது. அதோடு முடிக்க விரும்பாமல் 1993 இல் திரும்பி வந்து 6 சாக்குகள் எடுத்தார்; 1994 ஜனவரி 15 அன்று 49ers கையில் 44–3 என்ற படுதோல்விக்குப் பிறகு ஓய்வை அறிவித்தார்.

ஓய்வுக்குப் பின் போதைப்பொருள் வழக்குகளில் கைதானார். 2011 இல், 16 வயதுச் சிறுமி ஒருவர் தொடர்பான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். பாலியல் குற்றவாளிகள் பட்டியலிலும் பதிவானார். இதற்கு முன்பே, 1999 இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே ஓஹாயோவின் கேன்டனில் உள்ள புகழ் மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டிருந்தார். களத்துக்கு வெளியே நடந்தவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அந்த மண்டபத்தின் விதி. ஆட்டத்தைப் புகழும்போது மனிதரையும் சேர்த்துப் புகழ வேண்டியதில்லை. நான் இங்கே பேசுவது ஆட்டத்தைப் பற்றி மட்டுமே.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். 184 ஆட்டங்களில் அதிகாரப்பூர்வமாக 132.5 சாக்குகள், முதல் பருவத்தையும் சேர்த்தால் 142. ஓய்வு பெற்ற நாளில் அதிகாரப்பூர்வப் பட்டியலில் ரெஜி வைட்டுக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் இருந்தார். இன்று புரூஸ் ஸ்மித் 200, வைட் 198 என்று மேலே நிற்கிறார்கள். ஆனால் அவ்விருவரும் முன்வரிசைக்காரர்கள், டெய்லரைப் போல வீச்சுகளை மறிக்கப் பின்னோக்கி ஓடும் வேலை அவர்களுக்கு அவ்வளவாக இல்லை. அவருடைய காலத்தில் ஓர் ஆட்டத்தில் வீசப்பட்ட பந்துகளின் எண்ணிக்கையும் இன்றைவிடக் குறைவு, பருவத்துக்கு ஆட்டங்கள் 16 தான், இரண்டு பருவங்களை வேலைநிறுத்தங்கள் வேறு குலைத்தன. இருந்தும் 1984 முதல் 1990 வரை ஏழு பருவங்களிலும் தவறாமல் பத்துக்கு மேல் எடுத்து, அந்த ஏழில் மட்டும் 98 சாக்குகள் சேர்த்தார். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வென்ற ஜே. ஜே. வாட், ஆரன் டொனால்ட் இருவரும் அவரோடு சமமாக வைக்கத் தக்கவர்களே. நுணுக்கத்தில் டொனால்ட் ஒரு படி மேல் என்றுகூட நான் வாதிடுவேன். ஆனால் அவர்களைத் தடுக்க எதிரணிகள் இருவரை, சில நேரம் மூவரை நிறுத்தின, அவ்வளவுதான். டெய்லரைத் தடுக்க, அதுவரை இல்லாத ஓர் ஆட்ட இடத்தையே கிப்ஸ் உண்டாக்க வேண்டியிருந்தது. அதனால்தான் என் பட்டியலிலும் அவர் முதலில் வருகிறார்.